கூரையில்லாக் கோயிலில் நாங்கள் அடித்த வெள்ளை

அன்று காலை அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். என் அம்மா லூர்து. எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் பிலோமினா அக்கா. பலேர்மோ துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் வந்து நின்றதும் ஏறி அறைகளைக் கழுவுகிற யோசேப்பு அண்ணை. அவரோடு அதே வேலை செய்கிற வேலன். மொரீசியஸ்காரர், பெயரில் மட்டும் தமிழ் மிஞ்சியவர். பிறகு நான். இல்லாதவர்கள்: எங்கள் ஆட்களுக்குத் தமிழில் பூசை வைக்கும் பாதர், அவர் அந்தக் கிழமை வடக்கே போயிருந்தார். இடிந்த கோயிலைப் பராமரிக்கும் சங்கத்தின் பொறுப்பாளர், தொத்தொரெஸ்ஸா என்று பட்டம் சொல்லியே நாங்கள் அழைப்பவர், அவர் கத்தானியாவில் மகள் வீட்டில். அப்பா, அவர் பதினெட்டு வருடமாக மன்னாரில் ஒரு மணல்மேட்டுக்குள். எந்த இடத்தில் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

இந்தப் பட்டியலை ஏற்கனவே ஒரு தடவை இத்தாலிய மொழியில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன், அப்பாவை மட்டும் விட்டுவிட்டு. பதினொரு வயதில் இங்கே வந்தவன் நான். ஆனாலும் இந்த நாட்டில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று இருக்கிறது. மாடியில் குழாய் உடைந்தாலும் சரி, பள்ளிக்கூடத்தில் பிள்ளை விழுந்தாலும் சரி, முதலில் ஒரு தாளை எடுப்பார்கள். என்ன நடந்தது என்பது அப்புறம். யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதுதான் முதல் வரி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்தக் கேள்வியைச் சீருடை போட்டவர்கள்தான் கேட்பார்கள். அதற்கு எல்லோரும் சொல்லிவைத்த பதில் 'ஒருத்தரும் இல்லை' என்பது. இங்கே அதே கேள்வியை மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, அன்பாகக் கேட்கிறார். அன்பாகக் கேட்டால் பதில் சொல்வது இன்னும் கடினம் என்பதை ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள்.

கோயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். வியா மக்வேதா தெருவில் ஐஸ்கிரீம் கடைகளும் காந்தம் ஒட்டிய நினைவுப்பொருட்களும் முடிகிற இடத்தில், துறைமுகப் பக்கமாக இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது அது. பெயரை எழுதவேண்டாம் என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. கூரை கிடையாது. மூன்று சுவர் நிற்கிறது. பீடம் இருந்த இடத்தில் ஒரு அத்திமரம் கல்லைப் பிளந்துகொண்டு வளர்ந்திருக்கிறது. நாங்கள் வீட்டில் அதைக் கூரையில்லாக் கோயில் என்றுதான் சொல்வோம். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் நான் அங்கே சம்பளமில்லாமல் நின்று, வருகிற சுற்றுலாக்காரருக்கு அதன் கதையைச் சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னதால் இப்போது சொல்லும்போது எனக்கே அலுக்கிறது. ஆனால் கதை அலுப்பானதல்ல.

நோர்மன் அரசர்கள் இந்தத் தீவை ஆண்ட காலத்தில் கட்டியது. கட்டியவர்களில் பாதிப்பேர் அரபு பேசிய கொத்தர்கள். அதனால் வாசல் வளைவைப் பார்த்தால் பள்ளிவாசல் வளைவுபோல இருக்கும்; ஒரு தூணில் அரபு எழுத்தும் இருக்கிறது. ஏதோ பழைய கட்டடத்தில் இருந்து கழற்றி வந்த தூண், எழுத்து தலைகீழாக நிற்கிறது. தோல் பதனிடுகிறவர்களும் படகுக்காரர்களும் வாழ்ந்த பங்கு, அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடியிருப்பு, அது. பணமுள்ளவர்களைக் கோயிலுக்குள் தரைக்குக் கீழே புதைத்தார்கள். வெளியே, வடக்குச் சுவரோரம் ஒரு ஒடுங்கிய நிலம். அங்கே பங்குக்குச் சொந்தமில்லாதவர்கள். கப்பலில் வந்து காய்ச்சலில் செத்தவர்கள், ஜெனோவாக்காரர், பீசாக்காரர், எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாதவர்கள். பிற்காலத்துச் சாவுப் பதிவேட்டின் பிரதி ஒன்றைச் சங்கத்தில் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாதபோது எழுதியவர் ஊரை எழுதியிருக்கிறார். ஊரும் தெரியாதபோது உடுப்பின் நிறத்தை எழுதியிருக்கிறார்.

பிறகு ஊருக்குள் பிணம் புதைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. பெரிய சேமக்காலைகள், பிணம் புதைக்கும் தோட்டங்கள், மலையடிவாரத்துக்கும் கடற்கரைக்கும் போயின. பங்கைப் பக்கத்துப் பங்கோடு சேர்த்தார்கள். நிலநடுக்கம் ஒன்று மணிக்கூண்டைச் சாய்த்தது. உலகப்போரில் விழுந்த குண்டு கூரையைக் கொண்டுபோனது. அதற்குப்பிறகு தச்சர் ஒருவர் பலகை அடுக்கினார், வாகனம் நிறுத்தினார்கள், பூனைகள் குட்டி போட்டன. யாரோ ஒரு காலத்தில் வடக்கு நிலத்தில் கிடந்த கற்களில் ஆறை எடுத்துச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்கள். எழுத்து எதிலும் இல்லை. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் வைத்த கல். ஒன்றில் கத்தரிக்கோல். ஒன்றில் நங்கூரம். ஒன்றில் ஒரு கை. இரண்டில் வெறும் சிலுவை. கடைசியில், மிக மெல்லிய கோடாக, ஒரு துடுப்பு.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். அம்மா மூன்றாம் வகுப்பு; கடலோடியான அப்பா அதுவும் இல்லை. அப்பா காய்ச்சலில் இறந்த மறுவருடம் அம்மா தனியாக இத்தாலிக்கு வந்து, லிபெர்த்தா தெருவில் ஒரு வயதான சின்யோராவின் வீட்டில் தங்கி வேலை செய்து, நாலு வருடத்தில் என்னைக் கூப்பிட்டார். நான் இங்கே சுற்றுலாப் பாடம் படித்துத் தேறினேன். தேறிய பிறகு ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன், இன்னும் கழுவுகிறேன். அந்தச் சனிக்கிழமைகள்தான் நான் படித்ததற்கு இருந்த ஒரே அடையாளம். அப்படி இருக்கையில்தான் தொத்தொரெஸ்ஸா ஒருநாள் சொன்னார்: தையில் இருந்து ஒரு பதவிக்குப் பணம் கிடைத்திருக்கிறது, கிழமைக்கு இருபது மணிநேரம், பன்னிரண்டு மாத ஒப்பந்தம், திறப்பும் காவலும் விளக்கமும் உன் பொறுப்பு, பெயர் எழுதவேண்டியதுதான் பாக்கி. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்கை ஆர் கூட்டுறது?"

"கூட்டுறதுக்கு வேற ஆள் வரும், அம்மா."

அம்மா எழும்பிப்போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "பிலோமினா, தம்பிக்கு விளக்குமாறு இல்லாத வேலை கிடைச்சிருக்கு" என்று சொன்னது மாடிப்படி முழுக்கக் கேட்டது. மறுநாள் லிபெர்த்தா சின்யோராவுக்கும் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் கைக்கு வரவில்லை என்று நான் சொன்னால், "வராமல் எங்கை போகப்போகுது" என்பார்.

கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி, இறந்தவர்களின் திருநாள், இங்கேயும் பெரிய நாள். கடைகளில் பழம்போலச் செய்த பாதாம் இனிப்பு வைப்பார்கள், சீனியில் வார்த்த பொம்மைகள் வைப்பார்கள். செத்த உறவினர் இரவில் வந்து பிள்ளைகளுக்கு இனிப்பு வைத்துவிட்டுப் போவதாக நம்பிக்கை. அன்று குடும்பம் குடும்பமாகச் சேமக்காலைக்குப் போவார்கள். நாங்களும் வருடா வருடம் கடற்கரைச் சேமக்காலைக்குப் போவோம். எங்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. பெரிய சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, சனங்கள் தங்கள் தங்கள் கல்லைத் துடைத்துப் பூ வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பிலோமினா அக்கா ஒருமுறை சொன்னா: "ஆரின்ரையோ கலியாண வீட்டிலை சொல்லாமல் கொள்ளாமல் போய் நிக்கிற மாதிரிக் கிடக்கு." சிரித்தோம். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. மன்னாரில் நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பியபோது சேமக்காலையில் மரச்சிலுவை ஒன்றுகூட நிற்கவில்லை. உடைமுள் மரம் மண்டிக் கிடந்தது. அம்மா குறிப்பாக வைத்திருந்த பனையும் இல்லை. எந்த மணலைக் கூட்டி எந்த மணலுக்கு வெள்ளையடிப்பது?

வெள்ளையடிப்பது என்று சும்மா சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அது சின்னக் காரியமல்ல. திருநாளுக்கு முன்சனிக்கிழமை ஊரே மண்வெட்டியோடு இறங்கும். புல்லைச் செருக்கி, கல்லறையைத் தேய்த்து, சுண்ணாம்பு கரைத்து, வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியவேண்டும் என்று ஒரு துளி நீலம் விட்டுப் பூசுவார்கள். பூசாத கல்லறை இருந்தால் அந்த வீட்டில் யாரும் உயிரோடு இல்லை என்று அர்த்தம், அல்லது வெட்கம் கெட்டவர்கள் என்று அர்த்தம். எனக்கு ஏழு வயதில் ஒரு தடவை அப்பாவின் கல்லறைக்கு வாளி பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிதாக ஒன்றும் நினைவில்லை. வெயில், காலில் எறும்பு, எப்போது முடியும் என்ற நினைப்பு, அவ்வளவுதான்.

வேலை வரவிருந்த அந்த வருடம் அம்மா கேட்டார்: "தம்பி, உன்ர அந்தக் கோயிலிலை கல்லறை இருக்கெல்லே. அதுகளுக்கு ஆர் விளக்குக் கொளுத்துறது?"

"ஒருத்தரும் இல்லை. அதுகள் எண்ணூறு வருசத்துச் சாமான்."

"எண்ணூறு வருசமெண்டால் ஆத்துமா இல்லையோ? எங்கடயள் அங்கை ஆளில்லாமல் கிடக்குதுகள். இதுகள் இஞ்சை ஆளில்லாமல் கிடக்குதுகள்." கையில் இருந்த துணியை உதறினார். "நாங்கள் இதுகளைப் பாப்பம்."

நான் தொத்தொரெஸ்ஸாவிடம் கேட்டேன். செபம் சொல்லலாம், மெழுகுதிரி கண்ணாடிக்குள் வைத்துக் கொளுத்தலாம், விரும்பினால் புல்லையும் பிடுங்கலாம் என்றார். சந்தோஷப்பட்டார். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எதுவும் இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை.

திருநாளுக்கு முன்சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திறந்தேன். மதியம் வரைக்கும் பார்வையாளர் இல்லை. புல் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. வீடும் கப்பலும் துடைக்கிற நாலு பேருக்கு அந்த நிலம் ஒரு குளியலறை அளவு. பிறகு அம்மா பையைத் திறந்து பிரஷ்களை எடுத்தார். நைலோன் ஒன்று, கம்பி ஒன்று. வரெக்கீனா என்று இங்கே சொல்கிற வெளுக்கும் மருந்து ஒரு போத்தல். பிலோமினா அக்கா தன் பையில் இருந்து அசிட் போத்தலை எடுக்க, அம்மா பறித்து வைத்தார்.

"விசரே உனக்கு? கல்லுக்கு அசிட் விடுறதே? பொங்கி அரிச்சுப்போடும். பதினேழு வருசமா மாபிள் துடைக்கிறன், எனக்குத் தெரியாதே."

எவ்வளவு கவனமாக இருந்தோம் என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன். நாங்கள் ஒன்றும் தெரியாத ஆட்களாக அங்கே போகவில்லை. இந்த நகரத்தின் பளிங்குத் தரைகளில் பாதியை எங்கள் பெண்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

யோசேப்பு அண்ணை வாளியில் சுண்ணாம்பு கரைத்தார். இரும்புக்கடையில் முதல்நாளே வாங்கி ஊறவைத்தது. மேற்சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினார். நீலம். ஊரில் இருந்து வந்த ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தாராம்.

"புரொபெசோரே, இஞ்சை பார். இத்தாலி முழுக்கத் தேடினாலும் இப்பிடி வெள்ளை வராது."

என்னைப் பகிடிக்குப் பேராசிரியர் என்றுதான் கூப்பிடுவார். வேலன் மட்டும் வாளியையும் கற்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் இந்து. எரித்து முடிக்கிற வழக்கம் உள்ளவர். கல்லறைக்கு என்ன செய்வார்கள் என்பது அவருக்குப் புதினம். இத்தாலிய மொழியில் என்னிடம் கேட்டார்: "இவர்கள் யாருடைய ஆட்கள்?"

"யாருடையதும் இல்லை" என்றேன்.

"இதற்குப் பூசலாமா? அனுமதி இருக்கிறதா?"

"ஓம் ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கிற்று.

அந்த 'ஓம்' எங்கிருந்து வந்தது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சுற்றுலாக்காரரைப் பார்த்துக் கல்லைத் தொடாதீர்கள் என்று சொன்னவன் நான். ஒரு ஜெர்மன் அம்மாவின் பிள்ளையைக் கல்லில் ஏறியதற்கு இறக்கிவிட்டிருக்கிறேன். ஆனால் வாளியைக் கண்டபோது எனக்கு வித்தியாசமாக ஒன்றுமே படவில்லை. தொடக்கூடாது என்பது பார்க்க வந்தவர்களுக்கு. நாங்கள் பார்க்க வரவில்லை, கல்லறைக்கு வந்தோம். கல்லறைக்கு வந்தவன் பிறகு எப்படித் தொடாமல் இருப்பான்? அப்படிக்கூட நான் யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. யோசிக்கவே இல்லை.

அம்மா முதலே துடுப்புக் கல்லைப் பிடித்துவிட்டார். "இது எங்கட ஆள்" என்றார். மற்றவர்கள் ஒரு கல்லுக்குப் பத்து நிமிடம் தேய்த்தால் அம்மா அந்த ஒன்றுக்கு முக்கால் மணித்தியாலம். முழங்காலில் இருந்து, கம்பிப் பிரஷால், பச்சையும் மஞ்சளுமாகப் படர்ந்திருந்த பாசி முழுதும் போகும்வரை. மேலே மாடி முகப்பில் இருந்து கொன்செத்தா என்ற கிழவி எட்டிப் பார்த்தா. அந்த முகப்பு கல்லறை நிலத்துக்கு நேர்மேலே. அங்கேயே பிறந்து அங்கேயே கிழவியானவ. என்ன செய்கிறீர்கள் என்று கத்தினா. இறந்தவர்களுக்காக, என்று நான் கத்தினேன். கயிற்றில் கூடையை இறக்கினா. உள்ளே ஐந்து சின்னக் கோப்பை, ஒரு போத்தலில் சூடான கோப்பி, ஒரு சீனிப் பொம்மை. "பிராவி, பிராவி" என்று கை தட்டினா. "எண்பது வருசமாப் பூனை மூத்திரம் மணந்துகொண்டிருந்தேன்" என்றா.

பதினொரு மணிக்கு ஆறு கற்களும் வெயிலில் கண் கூசின. பிலோமினா அக்கா செவ்வந்தி வைத்தா. செபமாலை சொன்னோம். வேலன் தலைகுனிந்து நின்றார். இறந்தவர்களின் பெயரைச் சொல்லும் இடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பெயர்களைச் சொன்னோம், அந்தக் கற்களைப் பார்த்து. அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னபோது அழவில்லை. வேலை முடிந்த ஆளைப்போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். வந்த இத்தனை வருடத்தில் நான் அவரை அப்படிக் கண்டதில்லை.

நான் படம் எடுத்துத் தொத்தொரெஸ்ஸாவுக்கு அனுப்பினேன். வேறு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, நானே அனுப்பினேன். கீழே, திருநாளுக்கு எல்லாம் தயார் என்று எழுதினேன்.

இரண்டு நிமிடத்தில் அழைப்பு வந்தது. "யார் செய்தது?" என்று கேட்டார். குரல் நடுங்கிற்று. அதை நான் நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

"நாங்கள் எல்லோரும்தான்" என்றேன், பெருமையாக. "என் அம்மாவும் உதவி செய்தார்."

"எதையும் தொடாதே. நான் வருகிறேன்" என்றார். மகள் வீட்டுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மூன்று மணித்தியாலத்தில் வந்து நின்றார். மற்றவர்கள் அப்போது வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் கற்களுக்கு முன்னால் போய், கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தானும் தரையில் இருந்தார். கத்தவில்லை. துடுப்பு இருந்த கல்லில் விரலை வைத்து மேலும் கீழும் தேடினார். அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. சுண்ணாம்பு போகும். கம்பிப் பிரஷ் கொண்டுபோனது திரும்பி வராது. எண்ணூறு வருடமாக மழையும் குண்டும் பூனையும் அழிக்காததை என் அம்மா முக்கால் மணித்தியாலத்தில் துடைத்து எடுத்திருக்கிறார், மற்ற எல்லாவற்றையும்விட அதில் அன்பாக இருந்தபடியால்.

கொன்செத்தா மேலிருந்து, "எண்பது வருசமா நீங்கள் செய்யாததை அவர்கள் செய்தார்கள்! அந்தப் பொடியனை விடு!" என்று சண்டைக்கு வந்தா. தொத்தொரெஸ்ஸா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சங்க அறையில்தான் அந்தத் தாள். கோப்பி ஊற்றினார். பழம்பொருள் காக்கிற மேலிடத்துக்கு அறிவித்தாகவேண்டும், எழுத்தில் வேண்டும் என்றார். பேனாவைத் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சனிக்கிழமை நீ முழுநேரமும் அங்கே இருந்தாயா? இடையில் ஏதாவது வாங்கப் போயிருப்பாய். நீ திறந்துவிட்டுப் போனபிறகு அவர்கள் தாங்களாகச் செய்திருக்கலாம். அவர்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் அவர்களைக் குற்றம் சொல்லப்போவதில்லை." பிறகு மெதுவாக, "உன் ஒப்பந்தம் மேசை லாச்சியில் இருக்கிறது. நீ இருந்தாய் என்று எழுதினால் என்னால் அதில் கையெழுத்து வைக்கமுடியாது. இந்தப் பதவிக்குக் காசு வாங்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது."

நல்ல மனுசி அவர். அதை இப்போதும் சொல்வேன். எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். பொய்யும் பெரிய பொய்யல்ல. கோப்பிக்குச் சீனி வாங்கப் போனேன் என்று எழுதினால் போதும். அம்மாவிடம் கேட்டிருந்தால் எழுது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தத் தாளில் நான் இல்லாவிட்டால் மிச்சம் நிற்பது யார்? படிக்காத இரண்டு பெண்கள், கப்பல் கழுவுகிற இரண்டு ஆண்கள், 'அவர்களுக்கு எப்படித் தெரியும்' என்ற ஒரு வசனம். அனுமதி இருக்கிறதா என்று கேட்டது வேலன். ஓம் என்று சொன்னது நான். இருந்தவர்கள் என்ற இடத்தில் என் பெயரை முதலாவதாக எழுதினேன். களைப்பாகத்தான் இருந்தது, இரண்டு வேலை செய்துவிட்டு வந்தவனைப்போல.

அவர் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோயில் திறப்பைத் தா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நானாக மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா ஏசினார். யாரும் பாராட்டவில்லை என்பதை இங்கே எழுதவேண்டும்.

"உன்னை ஆர் எழுதச் சொன்னது? என்ர பேரை மட்டும் போட்டிருக்கலாமே! எனக்கென்ன, என்ர வேலை போகப்போகுதே? சின்யோரா என்னைக் கலைக்கமாட்டா, கலைச்சால் ஆர் அவவுக்கு நகம் வெட்டுறது? படிச்சவனெண்டு பேர், ஒரு பொய் சொல்லத் தெரியேல்லை."

"அம்மா, நீங்கள் தேய்ச்ச கல்லிலை துடுப்பு அழிஞ்சு போட்டுது."

அதை நான் சொல்லியிருக்கக்கூடாது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கறியைத் தாளித்தார். முதுகைக் காட்டிக்கொண்டே, "எனக்குத் தெரியும்" என்றார். "தேய்க்கேக்கையே தெரிஞ்சது. ஊத்தையெண்டு நினைச்சன்."

பழுதை எங்கள் செலவில் சரிசெய்தால் வழக்கு வேண்டாம் என்று மேலிடத்தில் இருந்து பதில் வந்தது. பலேர்மோவிலேயே படித்த ஒரு கல் வைத்தியர், அப்படித்தான் சொல்லவேண்டும், என் வயதுப் பெண், மூன்று கிழமை வேலை செய்தாள். கடதாசிக் கூழை நனைத்துக் கல்லில் ஒட்டி, காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி மாற்றுவதுபோல மாற்றி மாற்றிச் சுண்ணாம்பை உறிஞ்சி எடுத்தாள். சுண்ணாம்பு வந்தது. நீலம் லேசில் வரவில்லை. அது கல்லின் துவாரங்களுக்குள் இறங்கிவிட்டது. இதென்ன நீலம், சிசிலியில் யாரும் இப்படிப் போடுவதில்லையே என்று ஆய்வுக்கு அனுப்பி, அதை எடுக்கத் தனி மருந்து போட்டாள். யோசேப்பு அண்ணைக்கு அதைக் கேட்டதும் வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன. "நான் சொன்னனெல்லே, இத்தாலி முழுக்கத் தேடினாலும்…" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அம்மா லிபெர்த்தாவில் வேலை முடிந்து வரும்வழியில் கம்பி வாசலுக்கு வெளியே நின்று தினமும் பார்த்தார். உள்ளே வர எங்களுக்கு அனுமதி இல்லை. மூன்றாம் நாள், நானும் கூட நின்றபோது, அந்தப் பெண் அம்மாவைக் கண்டு வெளியே வந்தாள். நீங்கள் பஞ்சால் துடைக்கிற விதம் சரியில்லை, கீழிருந்து மேலே துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊத்தைத்தண்ணி துடைத்த இடத்தில் வழியும், என்று அம்மா தன் அரைகுறை இத்தாலியனில் அவளுக்குச் சொன்னார். அவள் கோபிப்பாள் என்று நான் பயந்தேன். யோசித்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்றாள்.

கடைசி நாள் என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஐந்து கற்கள் பழைய மண்ணிறத்துக்கு வந்துவிட்டன, கொஞ்சம் வெளிறி. துடுப்புக் கல்லில் துடுப்பு இல்லை. ஆனால் அதன் மூலையில், உள்ளங்கை அளவுக்கு, எங்கள் நீல வெள்ளை ஒரு சதுரம் அப்படியே இருந்தது. மறந்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை, என்றாள். பழுதுபார்க்குமுன் கல் எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய எப்போதும் ஒரு துண்டை விட்டுவைப்பார்களாம். அதற்கு இவர்கள் சாட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தன் அறிக்கையில் அந்தக் கல்லின் வரலாற்றை வரிசையாக எழுதியிருந்தாள்: செதுக்கியது, புதைந்தது, எடுத்து நிறுத்தியது, குண்டு, பாசி. கடைசி வரியில் நாங்கள். மன்னார்த் தமிழர் தங்கள் வழக்கப்படி இறந்தவர்களுக்காக வெள்ளை பூசியது என்று, ஊரின் பெயரையும் எழுத்துப்பிழையில்லாமல் எழுதியிருந்தாள். அம்மாதான் சொல்லியிருக்கவேண்டும்.

அந்தப் பதவிக்கு வேறொருவர் வந்திருக்கிறார். நல்ல பையன், கதையை என்னைவிட வேகமாகச் சொல்கிறான். ஒரு சனிக்கிழமை நானும் அம்மாவும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். அவன் எங்களைப் பார்த்துக் கல்லைத் தொடாதீர்கள் என்றான். தொடவில்லை. அம்மா அந்த நீலச் சதுரத்துக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்பாவுக்கு மன்னாரில் இல்லாத அடையாளம் ஒன்று இங்கே, வேறு யாரோ ஒருவருடைய கல்லில், அதுவும் பாதுகாக்கப்பட்ட பொருளாக இருக்கிறது. அது எங்களுடையதா என்று கேட்டால் ஓம் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வராது. இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

பணத்தை ஐந்து பங்காகப் பிரித்துப் பதினொரு மாதத்தில் கட்டினோம். வேலன் தன் பங்கை முதலில் தந்தார். கடைசித் தவணையைச் சங்கத்தில் கட்டப் போனபோது, கொன்செத்தா கம்பி வாசலில் என்னை மறித்து, இருபது யூரோ நோட்டை மடித்து என் கைக்குள் அமுக்கினா. எதற்கு என்று கேட்டேன். "அங்கே கிடப்பதில் யாராவது என்னுடையவனும் இருப்பான்" என்றா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அதையும் சேர்த்துக் கட்டினேன். ஆறு கல்லுக்கும், நீலத்துக்குத் தனியாகவும், நான் இழந்த வேலையைச் சேர்க்காமல், மொத்தம் நாலாயிரத்து முன்னூற்று இருபது யூரோ. அதில் நாலாயிரத்து முன்னூறு எங்களுடையது, இருபது அவவுடையது. ரசீதில் அதைப் பிரித்து எழுதவில்லை.